மருந்துக்கடையில் ஒரு முணுமுணுப்பு

ரெசிஃபே நகரத்தின் மதிய வெயில் மருந்துக்கடைக் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. தள்ளுபடி வேண்டுமானால் அரசு அடையாள எண்ணைச் சொல்ல வேண்டும்; வாங்குவதெல்லாம் அந்த எண்ணில் பதிவாகிவிடும். வரிசையில் முதல் ஆளான ஒடாயிர் தன் பழைய பாட்டைத் தொடங்குகிறார். "நம்பரைச் சொன்னா, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள மூலத்துக்கு மருந்துன்னு விளம்பரம் போன்ல வந்து நிக்குது." கல்லாவில் இருக்கும் ஜுசாரா, "எப்பவும் திட்டுறீங்க, அப்புறம் நம்பரையும் சொல்றீங்களே அண்ணே," என்கிறாள். வரிசையே சிரிக்கிறது, அவரும் சிரித்தபடி எண்ணை ஒப்பிக்கிறார். அடுத்து நிற்கும் இளம்பெண் கர்ப்பப் பரிசோதனைப் பெட்டியை உள்ளங்கையால் மூடியிருக்கிறாள். "அவர் சொன்னதைக் கேட்டேன், அக்கா. எங்க வீட்ல எல்லாருக்கும் ஒரே போன். நம்பர் வேணாம், முழு விலையே போடுங்க." ஜுசாரா நிமிர்ந்து பார்க்காமல் பையில் போட்டு முடிச்சிடுகிறாள். பெண்ணின் தோள்கள் தளர்ந்து இறங்குகின்றன. வாசலில் ஒடாயிரின் சட்டைப்பைக்குள் போன் சிணுங்குகிறது. அவர் அதை எடுக்காமல், அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்திருக்கிறார்.