டாலியின் காது

டாலியின் தலை பைக்குள் அடங்க மறுத்தது. ஆர்லின் எப்படித் திருப்பித் திணித்தாலும் இடது காது மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

"அந்தக் காத முதல்ல உள்ள தள்ளு. பாக்கவே பாவமா இருக்கு" என்றாள் மனைவி ஜோலின். "டெலோரஸ் கேட்டா என்ன சொல்லப் போற?"

"அதான் தெரியலயே!"

டாலி ஒரு பெண்மான். காட்டு மான்தான், ஆனால் பக்கத்து வீட்டு டெலோரஸ் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அவர்கள் இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் வேட்டைக் காலம் வந்தால் மான் சுடாத வீடு குறைவு. ஆர்லினும் முறையாக உரிமம் வாங்கித்தான், தன் நிலத்திலேயே சுட்டான். அந்தி மங்கலில் கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் அந்தக் கிழிந்த இடது காது தெரிந்தது.

வசந்தம் தொடங்கியதிலிருந்து டெலோரஸ் அதற்குச் சோளம் போட்டு வந்தாள். கணவர் போன பிறகு தனிக்கட்டை. கை நடுக்கம், முழங்கால் வலி வேறு. அப்படியும் காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு தன் நிலம் முழுவதையும் கடந்து, ஆர்லினின் வேலி வரை நொண்டி நொண்டி வந்து கொட்டுவாள். "டாலி, டாலி" என்று அவள் கூப்பிடும்போது பெற்ற தாய் தோற்றாள் என்று ஆர்லின் நினைத்துக்கொள்வான்.

போன குளிர்காலத்தில் ஜோலினுக்கு ஆபரேஷன் ஆனபோது, கொட்டும் பனியில் வண்டி ஓட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவள் இந்த டெலோரஸ்தான்.

"அந்த நன்றிக்குத்தான் அவ வளத்த பிள்ளையச் சுட்டுட்டு வந்தியா?" என்று ஜோலின் குத்திக் காட்டினாள்.

கறி பொட்டலம் பொட்டலமாக ஃப்ரீசருக்குள் போய்விட்டது. அதைப் பார்த்து இன்ன மான் என்று யாரும் சொல்ல முடியாது. தலை, தோல், முதுகெலும்பு இவைதான் காட்டிக்கொடுக்கும்.

காட்டில் வீசிவிடலாம் என்றால் மான்களுக்கு ஏதோ நோய் பரவிக்கொண்டிருக்கிறது, கழிவைக் கண்ட இடத்தில் போடக் கூடாது. அதற்கென்று ஊர் எல்லையில் பெரிய தொட்டி வைத்தே ஆக வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியவனே ஆர்லின்தான்.

பைகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனான். தொட்டி நிரம்பி, மூடி வாயைப் பிளந்து கிடந்தது.

"அடுத்த வாரம்தான் அள்ளுவாங்க" என்றான் அங்கிருந்த காவலாள். "கீழ வச்சிட்டுப் போயிராத, நரி இழுக்கும். நீதானப்பா அன்னைக்கு அப்படிப் பேசுன?"

வீட்டுக்குத் திரும்பிக் கொல்லையில் புதைக்கப் பார்த்தான். குளிரில் இறுகிய மண்ணில் மண்வெட்டி ணங்கென்று எகிறியது. முழங்கை வலித்ததுதான் மிச்சம். கொலை செய்கிறவர்கள் எல்லாம் எங்கே கொண்டுபோய்த்தான் மறைக்கிறார்களோ என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏம்ப்பா ஆர்லின்!"

திரும்பினான். காலி வாளியோடு டெலோரஸ் நின்றிருந்தாள்.

"ரெண்டு நாளா டாலியக் காணோமே. நீ பாத்தியா?"

"நானா? இல்லியே. எங்கயாச்சும் மேயப் போயிருக்கும்."

"வேட்டைக்குப் போனதானே?"

"போனேன். சும்மா... நடந்துட்டு வந்தேன்."

பிக்கப்பின் பின்புறம் ஒரு காக்கை உட்கார்ந்து பையைக் கொத்திக்கொண்டிருந்தது. டெலோரஸ் அதை விரட்டப் போனாள். "வேணாம், வேணாம், நான் பாத்துக்கிறேன்" என்று ஆர்லின் ஓடுவதற்குள், கிழிசல் வழியே அந்தக் காது வெளியே வந்து தொங்கியது.

அவள் அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

ஆர்லின் உடைந்துபோனான். "மங்கல்ல தெரியல டெலோரஸ், சத்தியமாத் தெரியல. நீ எங்களுக்குச் செஞ்சதுக்கு நான் இப்படிப் பண்ணிட்டேன். திட்டு, ரெண்டு அடி வேணா அடி. ஏதாச்சும் பேசு!"

டெலோரஸ் குளிருக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாளியை அவன் முன்னால் நீட்டினாள்.

"அழுதது போதும், என் பங்குத் தொடைக்கறிய இதுல போடு. நான் என்ன, சும்மாவா தினமும் உன் வேலி வரைக்கும் சோளம் சுமந்தேன்?"