கூண்டுக்குள் ஒன்று நாற்பது

லைல் பெட்ருக் தண்டனைக் கூண்டுக்குள் வந்து விழுந்தபோது ஐஸ் ஹாக்கி ஆட்டம் முடிய ஒரு நிமிடம் நாற்பது வினாடி இருந்தது.

நடுவர் அவனுக்குக் கொடுத்த தண்டனை இரண்டு நிமிடம்.

"ஒன்னு நாப்பதுதான் இருக்கு, உனக்கு ரெண்டு நிமிஷம்," என்றார் கூண்டுக் காவலர் ஆர்வோ, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளியபடி. "ஆட்டம் முடிஞ்சப்புறம்தான் தம்பி உனக்கு விடுதலை."

"டுலூத்காரன் கோல் போட்டுட்டா?"

"போட்டா அந்த நொடியே உன்னை வெளியே விடணும். சட்டம் அப்படி. வாயைக் கழுவு."

கழுவ வேண்டிய வாய்தான். தண்டர் பே ஊருக்கு ஐஸ் ஹாக்கிக் கோப்பை வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. இன்று டுலூத் அணியோடு இறுதி ஆட்டம், மூன்றுக்கு இரண்டு என்று ஊர் முன்னால் நிற்கிறது. பேப்பர் மில்லில் மாலை ஷிப்டுக்குப் பாதிப்பேர் வரவில்லையாம். அந்தப் பாதிப்பேரும் இங்கேதான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

லைல் எழுந்தான். உட்கார்ந்தான். கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

எல்லாம் அந்த இடது முட்டியால் வந்தது. டுலூத் பையன் அவனைத் தாண்டி ஓடியபோது முட்டி ஓர் அடி பின்தங்கியது. அந்த ஓர் அடியை லைலின் மட்டை எட்டிப் பிடித்து, பையனை வயிற்றோடு கொக்கி போட்டு இழுத்தது. ஐந்து வருடம் முன்பென்றால் மட்டையே வேண்டாம், தோளே போதும்.

பதினான்கு வருடம், ஏழு ஊர். நான்கு பற்கள் நான்கு ஊர்களில் கிடக்கின்றன. போட்ட கோல்கள் மொத்தம் பத்தொன்பது. கோல் போடுகிறவன் பெயரைப் பிள்ளைகள் சட்டை முதுகில் எழுதிக்கொள்வார்கள். பறந்து வருகிற ரப்பர் வட்டுக்கு முன்னால் போய் விழுகிறவன் பெயரை அவனுடைய பல் டாக்டர் ஞாபகம் வைத்திருந்தால் உண்டு.

ஒன்று பத்து.

"இதோட சரி, பெரியவரே," என்றான் திடீரென்று. ஏன் இவரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. வேறு யாரும் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். "திங்கக்கிழமை முட்டியை அறுக்கிறாங்க. இனி ஸ்கேட்டே மாட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பசங்க யாருக்கும் தெரியாது."

மில்லிலிருந்து ஓய்வு பெற்ற ஆர்வோ இருபத்திரண்டு வருடமாக இந்தக் கதவில் நிற்கிறார். சொந்த மகன் இந்த அணியில் ஆடிய காலத்தில்கூட அவனை ஒரு வினாடி முன்னால் விட்டதில்லை. ஊரில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டுலூத் தன் கோல் காவலனான கோலியை வெளியே எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு தாக்குதல்காரனை இறக்கி, ஆறு பேராக வந்து மொய்த்தது. எதிரே நான்கு பேர். அவர்களுக்குப் பின்னால் கோலி ரெமி. லைலின் மகளுக்கு ஞானத்தந்தை. ரெமி எழும்பி விழுந்து, விழுந்து எழும்பித் தடுத்துக்கொண்டிருந்தான்.

நாற்பது வினாடி.

அப்போதுதான் லைலுக்கு அந்த எண்ணம் வந்தது. ஒரு கோல். அவர்கள் ஒரே ஒரு கோல் போட்டால் கதவு திறக்கும். ஆட்டம் சமன், கூடுதல் நேரம். மறுபடி பனியில் கால் வைக்கலாம். ஐந்து நிமிடமாவது.

சீ என்று ஆகிவிட்டது அவனுக்கு. பதினான்கு வருடம் எதைத் தடுக்கச் சம்பளம் வாங்கினானோ, அதையே வேண்டுகிறான். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

ஆனாலும் கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. எழுந்துவிட்டான். ஒரு கையில் மட்டை, மறு கை கூண்டின் கண்ணாடிச் சுவரில். தலைக்கவசத்தை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டான்.

பதினொரு வினாடி. டுலூத் பையன் மட்டையை ஓங்கினான். அதே பையன்தான். ரெமி தவறான பக்கம் விழுந்தான். வலை ஆவென்று திறந்து கிடந்தது.

"போ, உள்ளே போ," என்று யாரோ சொன்னது லைலுக்குக் கேட்டது. அவனுடைய குரல்.

கூடவே எங்கோ பக்கத்தில் ஒரு சின்ன 'டக்'. தலைக்கவசத்தின் வார் மாட்டிய சத்தம் என்று நினைத்தான்.

வட்டு கோல் கம்பத்தில் மோதி வெளியே தெறித்தது. அந்தச் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது.

பிறகு சங்கு ஊதியது. கையுறைகளும் மட்டைகளும் பறந்தன. ஐயாயிரம் பேர் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

லைல் உட்கார்ந்துவிட்டான். பக்கவாட்டில் திரும்பத் துணிவில்லை. கிழவர் கேட்டிருப்பார். இரண்டடி தூரம்தான். ஊரில் வாய் திறந்தாரென்றால் தீர்ந்தது.

ரெமி அழுத முகத்தோடு வந்து கண்ணாடியில் குத்தினான். "வெளியே வாடா கழுதை. உன்னால ரெண்டு நிமிஷம் எனக்கு உசிரே இல்ல."

லைல் எழுந்து கதவருகே நின்றான். திறக்கட்டும் என்று காத்திருந்தான். ஆர்வோ அசையவில்லை. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, இன்னும் கடிகாரத்தையே பார்த்தபடி நின்றார். அதில் இப்போது வெறும் பூஜ்யங்கள்.

லைல் தானே தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினான்.

அது ஏற்கனவே திறந்திருந்தது.

தலைக்கவசத்தின் வார் மாட்டப்படாமல் தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"போ தம்பி," என்றார் ஆர்வோ, அவன் முகத்தைப் பார்க்காமல். "நான் ஒன்னும் கேக்கல. நீயும் ஒன்னும் பாக்கல."