ஃபிரிட்ஜ் மேல் ஒரு நேர்காணல்

பூபாலன் மேலாளர் வேலைக்கு விண்ணப்பித்த மறுநாளே கம்பெனி ஆள் வந்து, எலுமிச்சம்பழ அளவில் ஒரு கருவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனான். இப்போதெல்லாம் யாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்பதில்லை. வீட்டில் ஒருவன் எப்படிப் பேசுகிறான் என்பதை ஒரு மாதம் கேட்டுவிட்டு முடிவைச் சொல்வார்கள்.

அன்று மாலை பூபாலன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினான். ரசம் பிரமாதம் என்றான். "கால் வலிக்குதுன்னு சொன்னியே அரசி, இப்ப எப்படி இருக்கு?" என்று மனைவியைக் கேட்டான்.

கருவிக்காகத்தான் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் காலை நீட்டி உட்கார்ந்து, வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று விலாவாரியாகச் சொன்னாள். கல்யாணமான நாளாக அவன் குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாதக் கடைசியில் வேலை கிடைத்தது. கருவியை எடுத்துக்கொண்டு போனார்கள். தட்டு மேசையிலேயே கிடந்தது. "ரசமா இது?" என்றான் பூபாலன்.

அடுத்த வாரம் வேறொரு கம்பெனி ஆள் கருவியோடு வாசலில் நின்றான்.

"நான் எங்கயும் அப்ளை பண்ணலையே!"

"நான்தாங்க உங்க பேர்ல போட்டேன்," என்றாள் அரசி, ஃபிரிட்ஜ் மேலிருந்த தூசியைத் துடைத்தபடி. "இவங்க ஒரு வருஷம் கேப்பாங்களாம். விசாரிச்சுட்டுத்தான் போட்டேன்."

பூபாலன் கத்த வாயைத் திறந்தான். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

"கால் வலி... இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றான்.

அரசி காலை நீட்டி உட்கார்ந்தாள்.