இன்னும் ஒரு தலை

"எங்க வீட்டு அட்ரஸை உங்களுக்கு யாரு சார் குடுத்தா?"

கதவைத் திறந்த பிள்ளை கேட்ட முதல் கேள்வியிலேயே அவருக்கு வேர்த்துவிட்டது.

"உன் ஸ்கூல்லதான் பாப்பா விசாரிச்சேன். சத்யப்ரியாதானே? காலேஜுல இருந்து வாரேன்."

கே.கே. நகரில் அன்றைக்கு அவர் ஏறிய எத்தனையாவது படியோ. உதவிப் பேராசிரியர் என்று பேருதான் பெத்த பேரு. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வீடு வீடாகப் போய் ஆள் பிடிக்க வேண்டும். கல்லூரி தனியாருடையது. வாத்தியார் ஒவ்வொருவரும் இத்தனை தலை சேர்த்தே ஆகணும், சேர்க்காதவர் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இவருக்கு இன்னும் ஒரு தலை குறைகிறது. இன்றைக்குச் சனிக்கிழமை.

"உள்ள வாங்க சார்! நல்ல நேரத்துல வந்தீங்க." பிள்ளையின் அம்மா சரண்யாதேவி ஓடிவந்து ஃபேனைப் போட்டாள். "நீங்களாச்சும் இவளுக்குப் புத்தி சொல்லுங்க. காலேஜுக்கே போக மாட்டாளாம். வீட்டுல இருந்துக்கிட்டே ஆன்லைன்ல டிகிரி படிப்பாளாம். இம்புட்டு மார்க் வாங்கிட்டுப் பேசுற பேச்சா இது?"

அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அம்மா நம்ம கட்சி!

"என்ன பாப்பா படிக்கப் போற?"

"டேட்டா சயின்ஸ் சார். எனக்கு வேணுங்கிற பாடத்தை நானே எடுத்து, என் வேகத்துக்குப் படிச்சுக்கிருவேன். உங்க காலேஜுல அதை யாரு நடத்துறா?"

"நான்தான்."

அதுவும் உண்மைதான். காலமெல்லாம் கணக்கு நடத்தியவரை, கணக்குப் படிக்க ஆள் வரவில்லை என்று ஒரே லீவில் டேட்டா சயின்ஸ் வாத்தியார் ஆக்கிவிட்டிருந்தார்கள்.

"வாத்தியார் முகத்தைப் பாத்துப் படிக்கிறதுதாம்மா படிப்பு. வீட்டுல உக்காந்து படிச்சா டவுட்டை யாருகிட்ட கேப்ப? முன்னபின்ன தெரியாத யாரோ சொல்றதை நம்பிப் படிக்க முடியுமா?"

கடைசி வரியைச் சொன்ன கையோடு முன்னால் இருந்த தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"அதுக்கெல்லாம் குரூப் இருக்கு சார்" என்றாள் பிள்ளை.

"குரூப்பாம், குரூப்பு!" அம்மா பொரிந்தாள். "நாளைக்குப் பொண்ணு கேட்டு வாரவங்க எந்தக் காலேஜுன்னு கேட்டா, நான் செல்போனை எடுத்துக் காட்டவா?"

அந்த நேரம் பார்த்து அவர் செல்போன் அடித்தது. துறைத்தலைவர்.

"பேசிக்கிட்டுத்தான் இருக்கேன் சார்... இல்ல சார், திங்கக்கிழமைக்குள்ள கண்டிப்பா... அப்படிச் சொல்லாதீங்க சார்."

போனைப் பைக்குள் போடுவதற்குள் கை இரண்டு தடவை தவறியது. பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார் பேரைக் கேக்கவே இல்லையே?" என்றாள் அம்மா.

"கருத்தக்கண்ணன்."

"அட, எங்க பக்கத்துப் பேரால்ல இருக்கு! எந்த ஊரு?"

"உசிலம்பட்டிப் பக்கம்ங்க."

பேரைக் கேட்டதுமே சத்யப்ரியா வெடுக்கென்று நிமிர்ந்திருந்தாள். அதுவரை வாய்க்கு வாய் பேசியவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சரிம்மா. சார் காலேஜுலயே சேர்றேன்."

"அடியாத்தி! என்ன மாயம் சார் பண்ணுனீங்க? நானும் நாள்கணக்காக் கத்துறேன், காதுலயே வாங்கலை!"

கருத்தக்கண்ணனுக்கே புரியவில்லை. நம்ம பேச்சுக்கு இம்புட்டு மவுசா! போன உயிர் திரும்பி வந்த மாதிரி எழுந்து, வணக்கம் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"சார், ஹெல்மெட்டை விட்டுட்டீங்க." பிள்ளை கேட் வரைக்கும் வந்து நீட்டினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "நேத்து ஒரு டவுட் கேட்டீங்களே, தீர்ந்துச்சா சார்?"

"நானா? யாருகிட்டம்மா?"

"நீங்க படிக்கிற ஆன்லைன் கிளாஸ்லதான் சார் நானும் ப்ளஸ் ஒன்ல இருந்தே படிக்கிறேன். 'விடிஞ்சா செகண்ட் இயருக்கு நடத்தணும், யாராச்சும் சொல்லிக் குடுங்களேன்'னு குரூப்ல கெஞ்சுவீங்கள்ல? கருத்தக்கண்ணன்னு வாத்தியாரு எத்தனை பேரு சார் இருக்கப் போறாங்க?"

அவர் திடுக்கிட்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மாகிட்ட..."

"சொல்ல மாட்டேன் சார். போன் பேசுறப்ப உங்க கை நடுங்குச்சு. பாவமா இருந்துச்சு. அதான் சேர்றேன்னுட்டேன்."

"அப்ப... தெனமும் எனக்குப் பொறுமையா பதில் போடுற அந்த 'வைகை'ங்கிற ஆளு..."

சத்யப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரோ ரிட்டயர்டு புரொபசர்னுல்ல நெனச்சேன்! 'நன்றி ஐயா, நன்றி ஐயா'ன்னு போட்டுக்கிட்டு இருந்தேனே."

"பரவாயில்லை சார்" என்று சிரித்தாள்.

பைக்குள் போன் மறுபடி அடித்தது. யாரென்று தெரியும். எடுத்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமை நிம்மதியாகப் போகலாம். அடித்து ஓயட்டும் என்று விட்டார். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஹெல்மெட்டை வண்டி மேல் வைத்துவிட்டு மறுபடியும் படியேறினார்.

"என்ன சார், எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்றாள் சரண்யாதேவி.

"ஆமாங்க. ஒரு உண்மையைச் சொல்ல மறந்துட்டேன். உங்க பிள்ளை அவ இஷ்டப்படி வீட்டுலயே படிக்கட்டும்ங்க. எனக்கே பாடம் சொல்லித் தர்ற டீச்சரை, நான் எப்படிங்க என் கிளாஸ்ல ஸ்டூடண்டா உக்கார வைக்கிறது?"