நிறுத்திய இடம்

அண்ணன் இறந்துபோனபின் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை.

"ரீசெட் பண்ணிட்டாப் போச்சு," என்றாள் அம்மா.

"அவன் கடைசியா வச்ச சொல்லும்மா," என்றாள் தங்கை.

வைஃபைகளின் பூட்டைச் சோதிப்பதுதான் அவள் பிழைப்பு. சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் மென்பொருளை லேப்டாப்பில் ஓடவிட்டாள். காலையில் சேமித்து, அணைத்து, பீரோவில் பூட்டிவிட்டு வேலைக்குப் போவாள். மாலையில் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நான்காம் நாள் காலை சரியாக நாற்பதாயிரமாவது சொல்லில் நிறுத்தினாள். மாலையில் திறந்தபோது நாற்பதாயிரத்து ஏழு.

அந்த ஏழு சொற்களும் அவள் பட்டியலில் இல்லாதவை. குண்டூசி, அழுமூஞ்சி, ஓட்டைவாய்... அத்தனையும் அண்ணன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர்கள். ஏழும் தவறு என்றிருந்தது.

"நீயும் மறந்துட்டியாண்ணா?"

மறுநாள் காலை சேமித்து அணைத்தாள். பீரோவைப் பூட்டவில்லை.