ஒரே ஒரு முகவரி

கணவனுக்குப் பயந்து ஒளிந்து வாழும் பெண்களின் முகவரிகள் தசரதனின் அம்பத்தூர் கம்பெனி சர்வரில்தான் இருந்தன. ஒரு தொண்டு நிறுவனத்துக்காக அவர் அதைப் பராமரித்து வந்தார்.

"சார், டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல ஓட்டை இருக்கு," என்றாள் அவர் கம்பெனியில் வேலை பார்த்த யுவராணி. "வெளியாள் நேரா உள்ள வர முடியாது. ஆனா அவன் கேட்டா, நம்ம சர்வரே உள்ள போய் எடுத்துக் குடுத்துடும். நம்ம ஆளுதான் கேக்குறான்னு நம்பிடுது."

"அப்டேட் போட்டா வேலையெல்லாம் நின்னுடும்மா. அடுத்த மாசம் பாத்துக்கலாம். இதையெல்லாம் எவன் வந்து நோண்டிகினு இருக்கப் போறான்?"

அவள் மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். தசரதனுக்கு எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த ஓட்டை வழியாக யாரோ கைவைத்துவிட்டார்கள். தசரதன் பதறிப்போய்ப் பார்த்தார். அத்தனை முகவரிகளில் ஒன்றுதான் போயிருந்தது. நெமிலிச்சேரியில் ஒரு வீடு.

"நல்லவேளை, ஒண்ணுதான்," என்று மூச்சு விட்டார். "அந்தப் பொம்பளைக்குப் போன் போட்டு, உடனே ஊட்டை விட்டுக் கெளம்பச் சொல்லும்மா."

யுவராணி காதில் வைத்திருந்த போனில் மணி போய்க்கொண்டே இருந்தது.

"அது என் வீடு சார். பொண்ணு தனியா இருக்கா. போனை எடுக்க மாட்டேங்குறா."