காரைவிட்டு இறங்காத தாய்மாமன்

“கல்யாணத்துல வயிறாரச் சாப்பிட்டுப் போனவங்க ஞாபகத்துல நிக்க மாட்டாங்கப்பா. வாசலோட நின்னுட்டுப் போனவன் இருக்கானே, அவன்...” என்று தர்மனின் அப்பா ஏதோ சொல்வார். மீதி தர்மனுக்கு ஞாபகம் வரவில்லை. யோசித்துப் பார்க்க இப்போது நேரமும் இல்லை.

நல்லம்பள்ளி கல்யாண மண்டபத்து வாசலில் கார் நிற்கிறது. உள்ளே மச்சினன் பூவரசன். இறங்கமாட்டேன் என்கிறான்.

டிக்கியை உட்கார்ந்த இடத்திலிருந்தே திறந்துவிட்டான். சீர்த்தட்டுகள் இறங்கிவிட்டன. பட்டுப்புடவை, மாலை, பழம், எதிலும் குறையில்லை. மாமன்காரன்தான் குறை. பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டி வரவில்லை.

“ஓசூர்ல சம்பாரிக்கறவங்களுக்கு நம்ம மண்டபத்துக் காத்து ஒத்துக்காதுங்க” என்றாள் ஒரு சித்தி.

“ஏசிய விட்டு எறங்குனா வேர்க்குமில்ல” என்றாள் இன்னொருத்தி.

தர்மனின் மனைவி நிர்மலாதேவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “கூடப் பொறந்தவனே இப்படிப் பண்றானே. மாமன் மாலை எடுத்துக் குடுக்காம எம்பொண்ணு எப்படிங்க மேடை ஏறுவா?”

சம்பந்தி ராஜாமணி பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “பொண்ணோட மாமா கோவமா இருக்காருங்களா? எதனாச்சும் விசயமுங்களா?”

விசயம் ஒன்று இருக்கத்தான் செய்தது.

தர்மனுக்கு ஈரல் சுருங்கத் தொடங்கியிருந்தது. பல வருஷச் சர்க்கரையும், ஈரலில் சேர்ந்த கொழுப்பும் சேர்ந்து செய்த வேலை என்றார் சேலத்து டாக்டர். தர்மன் பீர்கூடத் தொட்டதில்லை. ஆனால் ஈரல் கெட்டவன் என்றால் ஊர் வேறெதையும் கேட்காது. குடிகாரன் என்று முடித்துவிடும். “குடிப் பழக்கமில்லாத குடும்பமாப் பாத்துத்தாங்க வந்திருக்கோம்” என்று பெண் பார்க்க வந்த அன்றே ராஜாமணி சொல்லியிருந்தார். மகள் காவியாவின் கல்யாணம் முடியட்டும் என்று, தர்மன் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

போன மாசம், அந்த டாக்டரைப் பார்க்கத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருந்தபோது, கதவுப் பக்கம் பூவரசன் போன மாதிரி இருந்தது. பார்த்திருப்பானோ? அன்றிலிருந்து தூக்கமில்லை.

பார்த்துத்தான் இருக்கிறான். குடிகாரன் வீட்டுக் கல்யாணம் என்று வாசலோடு நின்றுவிட்டான். அக்கா வந்து கெஞ்சினால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான்.

தர்மன் விறுவிறுவென்று போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார். பூவரசன் கண்ணாடியை இறக்கவில்லை. தள்ளி நிற்கச் சொல்லிக் கையை ஆட்டினான். அடுத்த நொடி தர்மனின் சட்டைப் பையில் போன் அடித்தது.

“கண்ணாடியக்கூட எறக்க மாட்டியா மாப்ள? எம்மேல நாத்தமா அடிக்குது?”

“மொதல்ல ரெண்டு அடி பின்னால போங்க மாமா. காலையில டெஸ்ட் எடுத்தேன். கொரோனா. அவளையும் புள்ளைங்களையும் வூட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்.”

தர்மனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “இவ்வளவுதானா? அது இப்பல்லாம் வெறும் சளிக்காய்ச்சல்டா. மாஸ்க்கோட வந்து மாலைய எடுத்துக் குடுத்துட்டு ஓடிடு.”

“இப்படிச் சொல்லித்தான் எல்லாரும் என்னை இழுத்துட்டுப் போவாங்க. மேடையில எம்பக்கத்துல நிக்கப்போறது நீங்க. மத்தவங்களுக்குச் சளிக்காய்ச்சல், சரி. சர்க்கரையும் ஈரலும் சேந்து கெட்டவங்களுக்கு?”

தர்மன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

“சேலத்துல பாத்தேன் மாமா. நான் மட்டும் அங்க வேடிக்க பாக்கவா வந்தேன்? எனக்கும் ஈரல்ல கொழுப்புதான். நானும் குடிக்கறவன் இல்ல. நம்ம மாதிரி ஆளுங்கள இது லேசுல விடாது, சாக்கிரதையா இருன்னு அந்த டாக்டர்தான் சொன்னாரு. எனக்கு ஆரம்பம், மாத்திரையில தப்பிச்சுக்குவேன். உங்களுக்கு வந்தா என்ன பண்றது?”

“அக்காகிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“என்னன்னு? மாஸ்க் போட்டும் ஏன் வரமாட்டேங்கறேன்னு கேட்டா, உங்க ஈரலச் சொல்லணும். நீங்க மறைக்கறத நான் எப்படிச் சொல்றது? திமிர் புடிச்சவன்னு பேசிட்டுப் போகட்டும். வராமலே இருந்துட்டா காவியா தாங்க மாட்டா, அதான் வாசல் வரைக்கும் வந்தேன். பெரியப்பா மவன் அர்ச்சுனனும் மாமன்தானே, அவன மாலை எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. இங்கிருந்தே கெட்டிமேளம் கேட்டுட்டுக் கெளம்பிடறேன்.”

போன மாசத்திலிருந்து தர்மனின் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு முழுசாக வெளியே வந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“என்ன, தொரை எறங்க மாட்டேங்கறாரா?” என்றாள் சித்தி.

ராஜாமணி வாசலிலேயே காத்திருந்தார். “சமாதானம் ஆயிட்டாருங்களா சம்பந்தி?”

தலையை ஆட்டினால் போதும். கொஞ்ச நேரத்தில் தாலி ஏறிவிடும்.

தர்மன் ராஜாமணியின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார். பூவரசன் ஏன் காரைவிட்டு இறங்கவில்லை என்பதை, தன் ஈரலிலிருந்து தொடங்கிச் சொன்னார்.